பல்லண்ணன் இரண்டாம் முறை செத்தது பற்றி

என் பெயர், தகப்பனார் பெயர், அடையாள அட்டை எண் ஆகியவை படிவத்தின் மேல்பகுதியில் எழுதிக்கொள்ளப்பட்டன. வயது நாற்பத்தாறு. தபால் அலுவலகத்துக்குப் பின் தெருவில், தையல் கடைக்கு மேல் உள்ள மாடி வீட்டில் மனைவியுடன் குடியிருக்கிறேன். வெளியே உதவி இயக்குநர் என்று சொல்லிக்கொள்வேன், உண்மையில் என் வேலை குறிப்பெழுதுவது. படப்பிடிப்பில் ஒரே காட்சியைப் பலமுறை எடுப்பார்கள், ஒவ்வொரு முறைக்கும் டேக் என்று பெயர், சரியாக வந்த டேக்குக்கு எதிரே ஓகே என்றும் வராததற்கு எதிரே என்ஜி என்றும் போட்டு, ஏன் வரவில்லை, எத்தனை மணிக்கு எடுத்தது என்பதையும் நோட்டில் எழுதுகிறவன் நான். பத்தொன்பது வருடமாக எழுதுகிறேன். ஓகேயைவிட என்ஜியே அதிகம் எழுத வேண்டியிருப்பதால் தொழிலில் எல்லோரும் என்னை என்ஜி என்றுதான் கூப்பிடுவார்கள்.

தயாரிப்பாளர் கொடுத்துள்ள புகாரில், எடிட்டிங் அறையிலிருந்து ஹார்ட் டிஸ்க் ஒன்றை நான் திருடியதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எடுத்தது நான்தான், மறுக்கவில்லை. ஏன் எடுத்தேன் என்பதை முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல அனுமதி கேட்டேன். அதிகாரி சுருக்கமாகச் சொல்லச் சொன்னார். எனக்குச் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது, வரிசையாகத்தான் தெரியும் என்று சொன்னதன் பேரில் ஒப்புக்கொண்டார்.

மூன்று வருடத்துக்கு முன் மேற்படி தயாரிப்பாளர் ஒரு படம் எடுத்தார். ரத்தக்காட்டேரி ஒன்று கொள்ளைக் கும்பலுக்குத் தலைவனாக இருக்கிறது, ஒரு இன்ஸ்பெக்டர் அதைத் துரத்துகிறார், இவ்வளவுதான் கதை. காட்டேரியாக நடித்தவரை நாங்கள் பல்லண்ணன் என்று கூப்பிடுவோம். அதற்கு முன் இருபது வருடம் அவர் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர், பிணம், கடன் கேட்டு வருகிறவர் என்று தலை காட்டிக்கொண்டிருந்தவர். ஐம்பது வயதில் அந்தக் கோரைப்பல் செட்டு வாயில் ஏறியதும் ஆளே வேறு ஆளாகிவிட்டார். என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அவருடைய மனைவியை அண்ணி என்று அழைப்பேன். அவர்கள் வீட்டில் நான் கைநனைக்காத வாரம் இல்லை. மகளுக்கு அப்போது பதினொரு வயது.

பல் செட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. மேக்கப்காரர் அதைப் பசை போட்டு ஒட்டுவார், ஒட்டி முடிக்க நாற்பது நிமிடம் ஆகும். ஒட்டிவிட்டால் கழற்றும்வரை அண்ணன் எதுவும் சாப்பிட மாட்டார், ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் மட்டும் குடிப்பார். பேச்சுத் தெளிவாக வரவேண்டும் என்று பழைய செட்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய் அதை மாட்டிக்கொண்டே பேசிப் பழகினார், வீட்டில் இந்தப் பல்லோடு என் பக்கத்தில் வராதீர்கள் என்று அண்ணி கேலி செய்வார். கேமரா முன்னால் அவர் ஒருமுறைகூடப் பல்லில் கை வைத்ததில்லை. அது தொழில் மரியாதை என்பார்.

சம்பவ நாள் என்பது அந்தப் படத்தின் படப்பிடிப்பு முடிவதற்கு முந்தைய நாள். இடம், ஊருக்கு வெளியே இருந்த ஒரு பழைய கிடங்கு. ராத்திரிக் காட்சியைப் பகலிலேயே எடுப்பதற்காக ஜன்னல்கள் எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் அடைத்திருந்தோம். சத்தம் பதிவாகும் என்று ஃபேன் போடவில்லை. உள்ளே பெரிய லைட்டுகள் ஒன்பது. அண்ணன் கம்பளி கோட்டும் அதன் மேல் அங்கியும் போட்டிருந்தார். எடுக்க வேண்டியது எண்பத்து நாலாம் காட்சி, அதாவது காட்டேரி சாகும் காட்சி. இன்ஸ்பெக்டர் சுட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்து விழ வேண்டும்.

முதல் டேக்கில் படம் தெளிவில்லாமல் போனது. இரண்டாவதில் பல்லில் லைட் பட்டுக் கண்ணைப் பறித்தது. மூன்றாவதில் இன்ஸ்பெக்டராக நடித்தவர் வசனத்தை விட்டுவிட்டார். நாலாவதில் வெளியே லாரி ஹார்ன் அடித்தது. ஐந்தாவது டேக் காலை பதினொன்று நாற்பதுக்கு எடுத்தது. அதில் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே அண்ணன் நெஞ்சைப் பிடித்தார், அதன் பிறகு இரண்டு முறை “ஒரு நிமிஷம்” என்றார், அதன் பிறகு பெருவிரலைப் பல்லுக்கடியில் கொடுத்து நெம்பினார், அதன் பிறகு சுவரில் சாய்ந்தார். இயக்குநர் நிறுத்தச் சொல்லி, இது என்ன புது நடிப்பு என்றார். நான் ஆறடி தூரத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். என் வாய்க்கொழுப்பு சும்மா இருக்கவில்லை.

“அண்ணே, செத்துக் காட்டத்தானே சொன்னாங்க, இதுக்குப் போய் உயிரை விடுறீங்களே” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரிக்கப் பார்த்தார். நான் நோட்டில் என்ஜி போட்டுக் காரணம் எழுதினேன். என்ன எழுதினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அதன் பிறகு அவர் ஒயர் பெட்டி மேல் உட்கார்ந்து, இடது கை மரத்துப்போகிறது, கொஞ்ச நேரம் பல்லைக் கழற்றி வைக்கலாமா என்று கேட்டார். கழற்றினால் திரும்ப ஒட்ட நாற்பது நிமிடம் என்று மேக்கப்காரர் சொன்னார். கிடங்கை இரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பல் கழற்றப்படவில்லை. நோட்டில் பத்து நிமிட இடைவெளி என்று எழுதினேன். அதன் பிறகு ஆறாவது டேக் எடுத்து அதுவும் சரியில்லாமல் ஏழாவது டேக் எடுத்து அது ஓகே ஆனது. ஏழாவதில் அவருடைய இடது கை தொங்கிக்கொண்டே இருக்கும், காட்டேரிக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஒன்றே காலுக்கு மேக்கப்காரர் அவருடைய வாயையும் முகத்தையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பசையை எடுத்தார். அண்ணன் பஸ் ஏறி வீட்டுக்குப் போனார். போகும்போது என் தோளைத் தட்டி, நாளைக்கு நேரத்தோடு வந்துவிடு என்று சொன்னார். மாலை நாலரை மணிக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிச் சீட்டில், அவர் வாயில் ஸ்பிரிட் வாடை இருந்ததாக எழுதிவிட்டார்கள். அண்ணன் குடிக்க மாட்டார். அது மேக்கப் துடைத்த ஸ்பிரிட் என்பது எங்கள் யூனிட்டில் லைட் தூக்குகிறவர் வரைக்கும் தெரியும். வேலை செய்யும்போதே அவருக்கு முடியாமல் போயிருக்கிறது என்று அண்ணி புகார் கொடுத்தபோது, கம்பெனியில் ஒரு கடிதம் டைப் செய்து யூனிட்டில் பதினோரு பேரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவர் அன்று முழுவதும் ஆரோக்கியமாக இருந்தார், உடம்புக்கு முடியவில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை, அவருக்குக் குடிப்பழக்கம் உண்டு என்று அதில் இருந்தது. மூன்றாவது கையெழுத்து என்னுடையது. படிக்காமல் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். படித்துவிட்டுத்தான் போட்டேன். அந்தக் கம்பெனியின் அடுத்த படத்தில் எனக்கு வேலை இருந்தது. அந்தப் பத்து நிமிடம் மனதில் வந்தபோதெல்லாம் வெக்கையால் வந்த மயக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணியின் புகார் ஆதாரம் இல்லை என்று மூடப்பட்டது. அதன் பிறகு நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. குடித்துச் செத்தவன் மகள் என்று பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண்ணைச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டும் போகவில்லை.

காட்டேரி செத்துவிட்டால் ஜனங்களுக்குப் பிடிக்காது என்று படத்தை வாங்கியவர்கள் சொன்னதால் எண்பத்து நாலாம் காட்சி முழுவதையும் தூக்கிவிட்டு, காட்டேரி தப்பிப் போவதாக முடித்தார்கள். படம் ஓடோ ஓடென்று ஓடியது. சுவரெல்லாம் அண்ணன் முகம்தான்.

இந்த வருடம் தயாரிப்பாளர் இரண்டாம் பாகம் எடுத்தார். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை அது. பழைய இயக்குநர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டதால் தயாரிப்பாளரே இயக்கினார், இன்ஸ்பெக்டராக உப்புக்குச் சப்பாணியாக அவருடைய மருமகனை நிறுத்தினார். மருமகனுக்குத் துப்பாக்கி பிடித்தால் கை வேர்க்கும், ஓடினால் செருப்பு கழலும். காட்டேரிக்கு ஆள் இல்லை. அண்ணனின் அங்கியை வேறொருவருக்கு மாட்டி முதுகை மட்டும் எடுத்தார்கள், அவர் அண்ணனைவிட அரையடி குட்டை என்பதால் அங்கி தரையைப் பெருக்கியது. முகம் வேண்டிய இடத்திலெல்லாம் முதல் படத்தில் கழித்துக்கட்டிய டேக்குகளைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். எந்தக் குப்பை எந்த மூட்டையில் இருக்கிறது என்பது என் நோட்டுக்குத்தான் தெரியும் என்பதால் என்னைக் கூப்பிட்டு எடிட்டர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பதினேழு நாள் உட்கார்ந்தேன். ஒரே வராந்தாவில் காட்டேரி பதினோரு தடவை நடக்கிறது, நான் எண்ணினேன்.

மூன்றாம் பாகம் எடுக்க உத்தேசமில்லாததால் கடைசியில் காட்டேரி சாக வேண்டியிருந்தது. எண்பத்து நாலாம் காட்சியின் ஏழு டேக்குகளையும் எடிட்டர் போட்டுப் பார்த்தார். படப்பிடிப்பு அன்று நான் உட்கார்ந்திருந்தது பக்கவாட்டில், அண்ணனின் காதும் தோளும்தான் எனக்குத் தெரிந்தது. எடிட்டிங் அறையில்தான் முதல்முறையாக அந்த ஐந்தாவது டேக்கில் அவருடைய முகத்தை நேராகப் பார்த்தேன். வேர்வை மேக்கப்பைத் தள்ளிக்கொண்டு இறங்குகிறது. கண் கேமராவைப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் பார்க்கிறது. அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருந்தும் எடிட்டரிடம் நான் சொன்னது, ஏழாவது டேக்தான் ஓகே, நோட்டில் இருக்கிறது, அதையே போடுங்கள் என்பது மட்டும். அவர் தலையாட்டினார்.

“ஏழுல நடிக்கிறாரு. அஞ்சுலதான் சாவுறாரு” என்றார்.

அவருக்கு விவரம் எதுவும் தெரியாது, அவர் இந்தப் படத்துக்குத்தான் புதிதாக வந்தவர். தயாரிப்பாளர் வந்து பார்த்துவிட்டு இந்தப் படத்திலேயே இது ஒன்றுதான் உருப்படி என்றார். அன்று கிடங்கில் நடந்தது அவருக்கு நினைவில்லை என்றே நினைக்கிறேன். அதன் பிறகு “ஒரு நிமிஷம்” என்ற சத்தத்தை எடுத்துவிட்டு, டப்பிங் பேசுகிற ஒருவரைக் கொண்டு அந்த இடத்தில் உறுமச் செய்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை படம் வெளியானது. மதியக் காட்சிக்குப் போனேன். அரங்கில் முப்பது பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். எனக்கு இரண்டு வரிசை முன்னால் அண்ணியும் மகளும் வந்து உட்கார்ந்தார்கள். சுவரொட்டியில் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு மகள் கூட்டிவரச் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. நான் சீட்டில் சரிந்து உட்கார்ந்தேன். மருமகன் ஓடியபோது ஜனங்கள் சிரித்தார்கள், அங்கி தரையைப் பெருக்கியபோதும் சிரித்தார்கள். சிலர் பாதியில் எழுந்து போனார்கள். அண்ணன் முகம் வரும்போது மட்டும் அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கடைசியில் அந்த டேக் வந்தது. அண்ணன் பெருவிரலைப் பல்லுக்கடியில் கொடுத்ததும், பல் செட்டு கழன்றுவிட்டது என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். இன்னொருவர், ரொம்ப ஓவர் நடிப்பு என்றார். இருந்த கொஞ்சம் பேரும் சிரித்தார்கள். அண்ணி எழுந்து நின்றார். மறைக்கிறது உட்காருங்கள் என்று யாரோ சொன்னார்கள், உட்காரவில்லை. திரையைப் பார்த்தபடியே மகளிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“உங்கப்பா கேமரா முன்னாடி பல்லைத் தொட மாட்டாரு.”

அதன் பிறகு லைட் போட்டார்கள். நான் கதவுப் பக்கம் நழுவப் பார்த்தேன், அதற்குள் அண்ணி என்னைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்றுகூடக் கேட்கவில்லை. அந்தக் காட்சி எந்தத் தேதியில் எடுத்தது என்று மட்டும் கேட்டார். ஞாபகமில்லை அண்ணி என்றேன். எந்தப் படத்தில் எந்த ஷாட்டில் எத்தனை பொத்தான் போட்டிருந்தார்கள் என்று கேட்டாலும் சொல்கிறவன் நான், அதைச் சொல்லி என்னை அவர்கள் வீட்டில் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறார்கள்.

அண்ணி என்னைப் பார்த்து, “உனக்கா?” என்றார்.

மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வெயிலில் பஸ் நிறுத்தம் வரைக்கும் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததை அரங்கின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று பார்த்தேன்.

சனிக்கிழமை காலை அண்ணி கம்பெனிக்கே போய் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். பத்தரை மணிக்குத் தயாரிப்பாளர் எனக்குப் போன் செய்து, பழைய டேக்குகள் எல்லாவற்றையும் திங்கட்கிழமை அழிக்கப்போவதாகவும், என்னிடம் உள்ள நோட்டுகளை எடுத்துக்கொண்டு வரும்படியும், அடுத்த படத்தில் எனக்கு இணை இயக்குநர் என்று பெயர் போடுவதாகவும் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதனால் கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டிரங்குப் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்தாள். பழைய டேக்குகள் உள்ள ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப் போலீஸில் கொடுத்துவிடச் சொன்னது அவள்தான். அதில் டேக் தொடங்கும்போது காட்டுகிற கிளாப் பலகையில் தேதி இருக்கிறது, “ஒரு நிமிஷம்” என்ற சத்தமும் இருக்கிறது, அதுவே போதும் என்றாள். நோட்டில் இருப்பதைக் காட்டக் கூடாது என்றாள்.

“இந்த ஒரு தாளைக் கிழிச்சிட்டா மத்ததெல்லாம் அவங்க பாடு. நீங்களா எதுக்குப் போய்க் கழுத்தை நீட்டுறீங்க?” என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தான். தாள் நேராகக் கிழியட்டும் என்று ஸ்கேலைக்கூட வைத்தேன். கிழிப்பதிலும் ஒழுங்கு பார்க்கிற புத்தி எனக்கு. ஸ்கேலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி கேட்டது காதிலேயே இருந்தது. கிழிக்கவில்லை.

இன்று திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எடிட்டிங் அறைக்குப் போனேன். எடிட்டர் மட்டும் இருந்தார். எந்த டிஸ்க் என்பது எனக்கே தெரியும், எடுத்துக்கொண்டேன், அவர் தடுக்கவுமில்லை, உதவவுமில்லை, அவரை இதில் சேர்க்க வேண்டாம். அங்கிருந்து நேராக நடந்து இந்த நிலையத்துக்கு ஒன்பது ஐம்பதுக்கு வந்தேன். வரும்போதே என்மேல் புகார் வந்திருந்தது. டிஸ்க்கையும் நோட்டையும் மேஜைமேல் வைத்தேன்.

அதிகாரி நோட்டைப் புரட்டி முப்பத்தோராம் பக்கத்தைக் காட்டி, இது யார் கையெழுத்து என்று கேட்டார். என்னுடையது. எண்பத்து நாலாம் காட்சி, ஐந்தாவது டேக், நேரம் பதினொன்று நாற்பது, என்ஜி, காரணம், ‘வசனத்தில் இல்லாததைப் பேசினார், நடிப்பு அதிகம்’ என்று எழுதியிருக்கிறது. அதற்கடியில் பத்து நிமிட இடைவெளி என்றும் இருக்கிறது. பின்வரிசையில் சிரித்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் இப்போது சொன்னதை நான் மூன்று வருடத்துக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறேன். அன்று உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று அதிகாரி கேட்டார். எனக்குத் தெரியாது. நாலரை மணிவரைக்கும் உயிரோடு இருந்தார் என்பது மட்டும் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் நான் கையெழுத்துப் போட்ட கடிதத்தில் இருந்தது பொய். அதற்குரிய தண்டனை எனக்குத் தெரியப்படுத்தப்பட்டது. இந்த வாக்குமூலத்தின் நகலை அண்ணிக்குக் கொடுக்கும்படி கேட்டிருக்கிறேன். குடிப்பழக்கம் பற்றிய பத்தியை அந்தப் பெண்ணுக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும்.

மேலே உள்ளதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை, நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, நடந்தபடியே நான் சொல்லியிருக்கிறேன். திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இதில் இல்லை, என் நோட்டில் ஒன்று உண்டு என்றேன். சாட்சிப் பொருளில் இனி பேனா வைக்கக் கூடாது, வேண்டுமானால் இங்கே சொல்லலாம் என்றார். சொல்கிறேன், எழுதிக்கொள்ளவும்.

காட்சி எண்பத்து நாலு, ஐந்தாவது டேக், பதினொன்று நாற்பது. காரணம் என்ற இடத்தில் இருப்பதை அடித்துவிடவும். நடிகருக்கு உடம்புக்கு முடியவில்லை. ஒரு நிமிடம் கேட்கிறார். நிறுத்தவும்.

(கையெழுத்து)